மெக்கானிக்கல் படித்த ஹோமி பாபா

போன வருஷம் எங்க அத்தைக்கு டாக்டர் பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குத் துணைக்குப் போனவன் நான்தான். ஊசி போட்டு ஒரு மணி நேரம் தனி அறையில் படுக்க வைத்தார்கள். அணு மருந்தாமே, கல்பாக்கத்துல இருக்கிற அதேதானாடா என்று அத்தை பயந்துபோய்க் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. டிப்ளமோ மாணவன்! வெட்கமாகப் போய்விட்டது. பெட் என்பதன் முதல் எழுத்து பாசிட்ரானாம். அதைத் தேடிப் படிக்கப் போய்க் கிடைத்தவர்தான் ஹோமி பாபா.

1909 அக்டோபர் 30-ல் பம்பாயில் பிறந்தவர். 1927-ல் கேம்பிரிட்ஜ் போனார். பையன் மெக்கானிக்கல் படித்து டாடா இரும்பாலைக்கு வரணும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ கணிதப் பைத்தியம். நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கதை இது! அவர் சண்டை போடவில்லை. மெக்கானிக்கலில் முதல் வகுப்பு வாங்கினால் கணிதம் படிக்கலாம் என்று அப்பாவோடு ஒப்பந்தம். 1930-ல் வாங்கிக் காட்டினார். (அரியர் விழுந்திருந்தால்...?)

அங்கே டிராக் என்ற மேதை, எலெக்ட்ரானுக்கு நேர் மின்னூட்டம் கொண்ட ஜோடி ஒன்று இருக்க வேண்டும் என்று கணக்கிலேயே கண்டிருந்தார். 1932-ல் ஆண்டர்சன் அதைக் கண்டுபிடித்தார். அந்த எதிர்ப்பொருள்தான் பாசிட்ரான். அது எலெக்ட்ரானோடு மோதிச் சிதறும் கணக்கை 1936-ல் போட்டுக் காட்டியவர் பாபா. இன்றும் அதற்குப் பாபா சிதறல் என்றே பெயர்.

அத்தைக்குப் போட்டது ஃப்ளூரின்-18 சேர்ந்த ஒருவகைச் சர்க்கரை. புற்றுக் கட்டி சர்க்கரையை அதிகம் இழுக்கும். அங்கே வெளிவரும் பாசிட்ரான் எலெக்ட்ரான்களில் மோதி மோதி வேகம் குறையும். பாபா போட்ட கணக்கு இதுதான்! ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் ஓர் எலெக்ட்ரானோடு சேர்ந்து இரண்டுமே அழிந்து, எதிரெதிராக இரண்டு காமா கதிர்கள் பாயும். சுற்றியுள்ள வளையக் கருவி இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்து, கட்டி இருக்கும் இடத்தைக் காட்டும். மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அணு உலையில் யுரேனியம் பிளப்பது வேறு, இது வேறு.

1939-ல் விடுமுறைக்கு வந்த பாபா, போர் மூண்டதால் இங்கேயே தங்கிவிட்டார். 1945-ல் டாடா ஆராய்ச்சி நிலையம், 1948-ல் அணுசக்தி கமிஷன் தலைவர் பதவி. 1966 ஜனவரி 24-ல் மாண்ட் பிளாங்க் மலையில் விமானம் மோதி இறந்தபோது வயது 56. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் ஆராய்ச்சி மையம் வந்தது 1971-ல். அவர் பார்க்கவில்லை. உலோகத்துக்குள் அணு விட்டுப்போன காலியிடங்களை அங்கே பாசிட்ரானை வைத்தே ஆராய்கிறார்கள். நம்ம மெட்டலர்ஜி பாடத்தில் வரும் வேகன்சிதான்!

அத்தைக்கு அடுத்த ஸ்கேன் தை மாதம். இந்தத் தடவை போகும் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.