திருத்தக்கதேவர்: இன்பம் பாடிய துறவி

சீவக சிந்தாமணியை அருளிய திருத்தக்கதேவர் சோழர் குலத்தில் தோன்றியவர் என்பர். இளமையிலேயே கல்வி கேள்விகளில் தேர்ந்து, அருகன் நெறியில் துறவு பூண்டார்.

மதுரையில் புலவர்களோடு அளவளாவியிருந்த காலத்தில், சமண முனிவர் துறவைப் பாடவல்லாரேயன்றிக் காதலைப் பாடவல்லார் அல்லர் என்றொரு பேச்சு எழுந்தது. அக்குறையை நீக்க விழைந்த தேவர் தம் ஆசிரியரிடம் இசைவு வேண்டினார். மாணவரின் உள்ள உறுதியை அறிய எண்ணிய ஆசிரியர், அவ்வழியே ஓடிய நரியொன்றைக் காட்டி, அதனைப் பொருளாக வைத்துப் பாடப் பணித்தார். அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம். யானையும் வேடனும் பாம்பும் மாண்டு கிடக்கக் கண்ட நரி, அவ்வுணவு எத்தனை நாளுக்கு ஆகுமென்று கணக்கிட்டபடியே வில்லின் நாணை முதலில் கடித்தது. நாண் அறுந்து நிமிர்ந்த வில் தாக்கி உயிர் துறந்தது. நிலையாமையை இத்துணைத் தெளிவாக உணர்ந்தவர் இன்பத்தைப் பாடினும் அதில் அழுந்தார் என ஆசிரியர் தெளிந்தார். தாம் ஒரு கடவுள் வாழ்த்துச் செய்யுளும் இயற்றி அளித்தார். மாணவரும் ஒன்று பாட, அதன் சிறப்பை உணர்ந்து, அதனையே நூலின் முதற்கண் வைக்கச் செய்தார்.

பதின்மூன்று இலம்பகங்களில் விரியும் அக்காப்பியம் சீவகனின் மணங்களைப் பாடுதலின் மணநூல் என்றும் பெயர் பெற்றது. அழகையும் காதலையும் தேவர் சிறிதும் குறைத்துப் பாடவில்லை. ஆயின் அரசும் இன்பமும் நிறைந்திருந்த நாளிலே, சீவகன் சோலையில் ஒரு காட்சியைக் கண்டான். ஊடிய மந்திக்குக் கடுவன் அன்போடு அளித்த பலாச்சுளையைத் தோட்டக்காவலன் பறித்துக்கொண்டு இரண்டையும் துரத்தினான். கட்டியங்காரனிடமிருந்து தான் கவர்ந்த அரசும் அப்பழம் போன்றதே என உணர்ந்த சீவகன் துறவு மேற்கொண்டான்.

நூல் அரங்கேறியபோது, காதலின் நுட்பத்தை இவ்வாறு பாடியவர் அதனை நுகராதிருத்தல் இயலுமோ என்று சிலர் ஐயுற்றனர். தேவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தம் தூய்மையை மெய்ப்பித்தார் என்பது மரபுவழிச் செய்தி.

பின்னர் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளில் இருந்த அந்நூலை 1887ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். சமண நெறிச் செய்திகளில் அவருக்கு எழுந்த ஐயங்களைக் களைந்து துணைநின்றவர்கள் கும்பகோணத்துச் சமணப் பெருமக்களே.

அழகு பொய்யன்று, நில்லாதது. அநித்திய பாவனையைச் சிந்திக்கும் நாம், இவ்வேறுபாட்டைத் தேவர் வாழ்விலிருந்து கற்போமாக. நம் இல்லங்களில் சிந்தாமணி மீண்டும் ஒலிப்பதாக!