பேராசிரியர் மஹலனோபிஸ்

பனமரத்துப்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து வளர்ந்தோர்க்கு மூட்டையும் தராசும் புதியன அல்ல. நிலக்கடலையாயினும், மரவள்ளிக் கிழங்கினின்று ஆக்கப்படும் ஜவ்வரிசியாயினும், மூட்டையின்மேல் எழுதிய எடை உள்ளே உண்டோ என்னும் ஐயம் வாங்குவோர் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. எல்லா மூட்டைகளையும் நிறுத்துப் பார்த்தல் இயலாது. ஒன்றிரண்டை மட்டும் நிறுத்துவிட்டு ஆலைக்காரரைக் கள்வர் என்றலும் நீதியாகாது. இவ்விரண்டிற்கும் இடையே நேரியதொரு வழியைக் காட்டுவது புள்ளிவிவர சாஸ்திரம். அதனை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் என்னும் வங்காளப் பேரறிஞர். அவருடைய வரலாற்றை நம் கலாசாலை மாணவர்க்குச் சுருங்கச் சொல்லப் புகுந்தேன்.

அவர் 1893-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த குடும்பம். கவி ரவீந்திரநாத தாகூரின் நட்பும் அக்குடும்பத்திற்கு உண்டு. கல்கத்தா மாகாணக் கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் பயின்று 1912-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். லண்டன் சர்வகலாசாலையில் சேர்வதே அவர் கருத்து. ஆயின் கேம்பிரிட்ஜைக் காணச் சென்றவிடத்து, கடைசி ரயிலைத் தவறவிட்டு இரவு அங்கேயே தங்க நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரியின் ஆலயத்தின் அழகில் ஈடுபட்டு அக்கல்லூரியிலேயே மாணாக்கராயினார். ஒரு ரயில் தவறியதால் ஒருவர் வாழ்வு திரும்பிற்று. தற்செயலை அளந்து பார்க்கும் சாஸ்திரத்திற்கு உரியவராக வரப்போகின்றவர்க்கு இது பொருத்தமே.

அந்நாளில் நம் ஈரோட்டில் பிறந்த ஸ்ரீநிவாச ராமானுஜனும் கேம்பிரிட்ஜில் இருந்தார். இருவரும் நண்பராயினர். குளிரால் இரவெல்லாம் உறக்கமின்றி மேற்சட்டையோடும் சால்வையோடும் முடங்கிக் கிடந்த ராமானுஜனுக்கு, மெத்தையின் விளிம்பில் செருகியிருந்த கம்பளிகளை நீக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் மஹலனோபிஸே. 1914-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பத்திரிகையில் வந்த புதிரை அவர் ராமானுஜனுக்குப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் ஒன்று முதலாக இலக்கமிட்ட வீடுகள்; ஒரு வீட்டிற்கு இப்பாலுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் அப்பாலுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம்; வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். மஹலனோபிஸ் சிறிது முயன்று 288 வீடுகளுள் 204-ஆம் வீடு என்று கண்டிருந்தார். அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜனோ, அவ்வகைப் புதிர்கள் அனைத்திற்கும் விடையாகும் தொடர்பின்னம் ஒன்றை அப்போதே சொல்லிவிட்டார். விடையை ராமானுஜன் எவ்வாறு கண்டார் என்று கேட்போர் உலகில் பலர். நானோ, அவர்க்குக் கம்பளியைக் காட்டிக் கொடுத்த கையையும் மறவேன்.

1915-இல் தேர்வில் சிறந்து தேறித் தாயகம் திரும்ப இருந்தபோது, ஆசிரியர் மெக்காலே என்பார் பயோமெட்ரிகா என்னும் புள்ளிவிவரப் பத்திரிகையின் தொகுதிகளைக் காட்டினார். மஹலனோபிஸ் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். பௌதிகம் கற்பிக்கும் உத்தியோகம் கல்கத்தாவில் கிடைத்தது. உள்ளமோ புதிய சாஸ்திரத்திற் படிந்துவிட்டது.

அவர்தம் திறமை முதலில் வெளிப்பட்டது வெள்ளத்திலே. 1922-இல் வட வங்காளத்தைப் பெருவெள்ளம் அழித்தது. நீரைத் தடுத்துத் தேக்கும் பெருந்தொட்டிகளை மிகுந்த பொருட்செலவில் அமைக்கவேண்டும் என நிபுணர் கருதினர். மஹலனோபிஸ் மழைக் கணக்குகளை ஆராய்ந்து, வேண்டுவது தேக்கமன்று, விரைந்த வடிகாலே என்று காட்டினார். 1926-இல் ஒரிஸாவில் பிராமணி நதி பெருகியது. ஆற்றின் படுகை ஓரடி உயர்ந்துவிட்டதாகவும், ஆதலின் கரைகளை உயர்த்தவேண்டும் எனவும் பொறியியலார் கூறினர். நம் பனமரத்துப்பட்டி ஏரி வண்டலால் மேடிட்டுவிட்டது என்று எவரேனும் சொன்னால் நாமும் தலையசைப்போம் அன்றோ? அவர் தலையசைக்கவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கணக்குகளை எடுத்து, படுகை உயர்ந்ததற்குச் சான்று இல்லையென நிறுவி, மேற்பகுதியில் அணைகள் கட்டுதலே தக்கதென்றார்.

இவ்விசாரணை முறையின் உட்கருத்தை நம்மூர் மூட்டையைக் கொண்டே விளக்கலாம். ஒரு ஜவ்வரிசி ஆலை, தன் மூட்டையின் சராசரி எடை 90 கிலோ என்று கூறுகின்றது எனக் கொள்வோம். அக்கூற்றை முதலில் மெய்யென்றே வைத்துக்கொள்ள வேண்டும், இதுவே கருதுகோள். பின்னர், நம் விருப்பப்படியன்றிக் குலுக்கல் முறையில் 16 மூட்டைகளை எடுத்து நிறுக்கின்றோம். சராசரி 89.4 கிலோ, மூட்டைக்கு மூட்டை உள்ள வேறுபாட்டைக் காட்டும் திட்ட விலக்கம் 0.8 கிலோ. இதனைப் பதினாறின் வர்க்கமூலமாகிய நான்கால் வகுத்தால் 0.2, நம் சராசரி தற்செயலாய் விலகக்கூடிய அளவுகோல் இது. குறைந்த 0.6 கிலோ அவ்வளவுகோலைப்போல் மூன்று மடங்கு. ஆலையின் கூற்று மெய்யாயின், இவ்வளவு குறைவு இருநூறு முறையில் ஒரு முறைகூட வருதல் அரிது. ஆகவே கூற்றை மறுக்கின்றோம். நான்கே மூட்டைகளை நிறுத்து இதே சராசரியும் இதே விலக்கமும் கண்டிருப்பின் விகிதம் ஒன்றரைதான். அப்போது ஆலையைக் குறைகூற நமக்கு உரிமையில்லை, அதன் கூற்று மெய்ப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. மறுத்த இடத்தும் வஞ்சகம் என்று முடிவு கட்டலாகாது. ஈரம் உலர்ந்திருக்கலாம், தராசு பிழைத்திருக்கலாம். சிறு மாதிரிகளுக்கு ஏற்ற இக்கணக்கை 1908-இல் வகுத்தவர், டப்ளின் நகரத்து மதுவடிசாலையொன்றில் பணிபுரிந்து, ஸ்டூடண்ட் என்னும் புனைபெயரில் எழுதிய காஸெட் என்பார்.

இத்தகைய முறைகளை இந்தியர் கற்றற்பொருட்டு, மஹலனோபிஸ் 1931-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். கல்லூரியில் தம் ஆய்வறையிலேயே அது தொடங்கிற்று. 1933-இல் ஸாங்க்யா என்னும் பத்திரிகை வெளிவந்தது. இரு கூட்டத்தாரிடையே உள்ள தூரத்தைப் பல அளவுகளையும் ஒருங்கே கொண்டு கணிக்கும் முறையை அவர் 1936-இல் வெளியிட்டார். அது இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1945-இல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது.

வங்காளத்துச் சணற்பயிரை அளந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. வயல்தோறும் சென்று எண்ணும் பழைய முறைக்கு எதிரே, ஆங்காங்கே குலுக்கி எடுத்த சிறு நிலப்பகுதிகளை மட்டும் அளந்தார். செலவு பன்மடங்கு குறைந்தது. கிடைத்த தொகையோ வியாபாரக் கணக்கிற்கு மிக நெருங்கி நின்றது. சிலவற்றைப் பார்த்து முழுதும் அறிதல் பேதைமை என்று எள்ளினோர் பலர். அவர்தம் கண்டிப்பு உடனுழைத்தோர் சிலர்க்கும் மனக்கசப்பைத் தந்தது. அதனை மறைத்தல் வரலாறாகாது. ஆயினும் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவர் முறையின்மேல் எழுந்ததே.

தொழிற்சாலைகளின்பாலும் அவர் கருத்துச் சென்றது. ஆலைப்பொருள்களின் தரத்தைக் காக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-இல் அமெரிக்காவில் கண்டவர் வால்டர் ஷூஹார்ட். அவர் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்து தொழில் நடத்துவோரிடையே இம்முறையைப் பரப்பினார். அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், பெங்களூர், கல்கத்தா ஆகிய இடங்களில் ஸ்தாபனம் தரக்கட்டுப்பாட்டு நிலையங்களை அமைத்தது. பின்னர்க் கோயமுத்தூரிலும் சென்னையிலும் அவை ஏற்பட்டன. இங்கே இரு பக்கத்தார்க்கும் அஞ்சவேண்டியிருந்தது: நல்ல சரக்கைத் தீயதென்று தள்ளினால் செய்தவர்க்கு நட்டம், தீயதை நல்லதென்று கொண்டால் வாங்குபவர்க்கு நட்டம். எத்துணைப் பொருள்களை எடுத்துச் சோதித்தால் இவ்விரு பிழைகளும் ஒப்புக்கொண்ட எல்லைக்குள் அடங்கும் என்பதை முன்னரே கணக்கிட்டு ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கம் இவ்வாறு வந்தது.

1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் அமைப்பிலும் அவர் கை உண்டு. அதன் நலந்தீங்கு பற்றிப் பொருளியலார் இன்னும் வாதிடுகின்றனர். 1959-இல் ஸ்தாபனம் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. கல்கத்தாவையடுத்த பாராநகரில், அம்ரபாலி என்று பெயரிட்ட இல்லத்தில், மனைவி நிர்மலகுமாரியுடன் அவர் வாழ்ந்தார். 1968-இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, எழுபத்தொன்பதாம் ஆண்டு நிறைவுக்கு ஒருநாள் முன்னர், அவர் மறைந்தார். அந்நிறைவு நாளாகிய ஜூன் 29, 2007 முதல் நாடெங்கும் புள்ளிவிவர தினமாகக் கொண்டாடப்படுகின்றது.