வைல்டர் பென்ஃபீல்டு

வைல்டர் கிரேவ்ஸ் பென்ஃபீல்டு (ஜனவரி 26, 1891 – ஏப்ரல் 5, 1976) அமெரிக்காவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய நரம்பு அறுவை மருத்துவர் ஆவார். கால்-கை வலிப்புக்கான மூளை அறுவையில், நீக்க வேண்டிய பகுதியையும் தொடக்கூடாத பகுதியையும் மின்முனைகளைக் கொண்டு கண்டறியும் முறையை வளர்த்தவர்.

வாழ்க்கை

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஷெரிங்டனிடம் பயின்றார். 1916 இல் ஆங்கிலக் கால்வாயில் இவர் பயணம் செய்த சசெக்ஸ் கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டது; காயங்களுடன் உயிர் தப்பினார். 1918 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1928 இல் பிரெஸ்லாவ் (இன்றைய போலந்தின் விராத்ஸ்வாஃப்) நகரில் ஒட்ஃபிரிட் ஃபோர்ஸ்டரிடம், நோயாளி விழித்திருக்கும்போதே மூளை அறுவை செய்யும் முறையைக் கற்று, அதே ஆண்டில் மொண்ட்ரியாலில் குடியேறினார்.

அந்த ஆண்டின் இறுதியில் தம் தமக்கை ரூத்தின் மூளைக் கட்டியைத் தாமே அகற்றினார். வலது நெற்றிமடலின் பெரும்பகுதியை நீக்கியும் கட்டி முழுவதும் போகவில்லை. ரூத் தெளிவாகப் பேசினார். ஆனால் விருந்தினருக்கு உணவு சமைக்கையில், எதை முதலில் செய்வது என்று திட்டமிட இயலாமல் திகைத்தார். சில ஆண்டுகளில் இறந்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் பென்ஃபீல்டு நிறுவிய மொண்ட்ரியால் நரம்பியல் கழகம் 1934 இல் திறக்கப்பட்டது.

மின்முனைகளின் பயன்பாடு

மூளைத் திசுவுக்கு வலி உணர்வு இல்லை. எனவே தலையின் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளியுடன் பேசிக்கொண்டே மூளையின் மேற்பரப்பை மென்மையான மின்னோட்டத்தால் தூண்டினார். விரல் அசைந்தாலோ பேச்சு தடைப்பட்டாலோ அவ்விடத்தில் எண்ணிட்ட சிறு சீட்டு வைக்கப்பட்டது. இவ்வாறு திரட்டிய தரவுகளிலிருந்து, கையும் உதடும் பெருத்த புகழ்பெற்ற மூளை வரைபடம் 1937 இல் உருவானது.

தூண்டுவது ஒன்று, பதிவு செய்வது மற்றொன்று. தலைத்தோலின் மேல் எடுக்கும் மின்னலைப் பதிவை எலும்பு மங்கச் செய்துவிடும். ஹெர்பர்ட் ஜாஸ்பருடன் இணைந்து, அறுவையின்போது மூளையின் மீதே மின்முனைகளை வைத்து வலிப்பின் தொடக்க இடத்தைத் தேடினார். 1939 இல் ஒரு நோயாளிக்கு, மண்டையோட்டில் துளையிட்டு மூளையின் வெளியுறை மீது மின்முனைகள் பொருத்தி, அறுவைக்கு முன்னரே பதிவு எடுக்கப்பட்டது. மூளையின் ஆழத்தில் மின்முனைகளைச் செலுத்தும் முறையைப் பின்னர் பாரிசில் தலைராக், பாங்கோ ஆகியோர் வளர்த்தனர்.

நினைவாற்றல்

பொட்டுமடலைத் தூண்டியபோது சிலர் பழைய காட்சிகளைக் கண்டதாகவும் இசை கேட்டதாகவும் கூறினர். அனுபவம் அனைத்தும் மூளையில் பதிவாகியிருப்பதாக பென்ஃபீல்டு கருதினார். இம்முடிவு பின்னாளில் ஐயத்துக்குள்ளானது. 1963 இல் வெளியான தொகுப்பின்படி 1,132 நோயாளிகளுள் 40 பேரே அவ்வாறு கூறியிருந்தனர்.

இதைவிடக் கடுமையான பாடம் வேறொன்று. இடது பொட்டுமடலின் ஒரு பகுதி நீக்கப்பட்ட இருவர், புதிய செய்திகளை நினைவில் இருத்த இயலாதவர் ஆயினர். மறுபக்கமும் முன்னரே பழுதுற்றிருக்க வேண்டும் என்று அவரும் பிரெண்டா மில்னரும் ஊகித்தனர். அவர்களுள் ஒருவர் 1964 இல் இறந்தபின் நடந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தியது.

1953 இல் பிரித்தானியாவின் ஆர்டர் ஆஃப் மெரிட் பெற்ற பென்ஃபீல்டு, 1960 இல் ஓய்வு பெற்று, 1976 இல் மொண்ட்ரியாலில் காலமானார். தன்வரலாறான நோ மேன் அலோன் மறு ஆண்டு வெளிவந்தது.