பஞ்சானன் மகேஸ்வரி (1904 – 1966)

பூக்கும் தாவரங்களின் முளையவியலில் உலகப் புகழ் பெற்ற பஞ்சானன் மகேஸ்வரி, 1904 நவம்பர் 9 ஆம் திகதி இந்தியாவின் ஜெய்ப்பூரில் பிறந்தார். அலகாபாத் யூயிங் கிறிஸ்தவக் கல்லூரியில் அமெரிக்கத் தாவரவியலாளர் வின்பீல்ட் டட்ஜன் இவருக்கு ஆசானாக வாய்த்தார். தம் கடனை எவ்வாறு தீர்ப்பது என மகேஸ்வரி வினவியபோது, தாம் செய்ததை அவர் தம் மாணவர்களுக்குச் செய்தால் போதும் என்று ஆசான் கூறியதாகச் சொல்வர்.

ஆக்ரா, டாக்கா ஆகிய இடங்களில் கற்பித்த பின், 1949 இல் டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கு வந்தார். 1950 இல் வெளியான இவரது முளையவியல் நூல் பல நாடுகளில் பாடநூலாயிற்று. பாடசாலைகளுக்கான உயிரியல் பாடநூலை ஆக்கிய குழுவுக்கும் இவரே தலைமை தாங்கினார். இவ்வளவு பெரிய அறிஞர் பாடசாலைப் புத்தகத்துக்கு நேரம் ஒதுக்கியது சிறிய காரியமன்று.

1962 இல் குசும் காந்தா, ரங்கசுவாமி ஆகியோருடன் சேர்ந்து, அபின் செடியின் சூல்வித்துக்களையும் மகரந்தமணிகளையும் சோதனைக் குழாயினுள் ஒன்றாக இட்டுக் கருக்கட்டச் செய்தார். இம்முறை ஒரு பழைய சிக்கலுக்கும் வழிகாட்டியது. அதுவே தன்மலடு.

எமது வீட்டு வேலியில் மஞ்சள் கொடித்தோடை ஒன்று மட்டும் தனியே நின்றால், பூ நிறையப் பூக்கும், காய் பிடிக்காது. காரணம், அது தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. பெற்றூனியாவும் இத்தகையதே. அதன் சொந்த மகரந்தமணி குறியில் முளைத்துத் தம்பத்தினுள் குழாயையும் செலுத்தும். ஆனால் அக்குழாய் சூலகத்தை அடையாது இடைவழியில் நின்றுவிடும். மகரந்தத்திலுள்ள எஸ் பரம்பரையலகின் வடிவம், தம்பத்திலுள்ள இரு வடிவங்களுள் ஒன்றோடு ஒத்திருந்தால், தம்பம் சுரக்கும் நொதியம் அக்குழாயின் ஆர்.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். வடிவம் வேறாயின், மகரந்தக் குழாயிலுள்ள புரதங்கள் அந்நொதியத்தைச் செயலிழக்கச் செய்யும். (மகரந்தக்கூடும் குறியும் வெவ்வேறு காலங்களில் முதிர்வதைத் தன்மலடு என எழுதிப் புள்ளிகளை இழப்போர் ஆண்டுதோறும் உளர். அது வேறு, இது வேறு.)

இந்நொதியத்தின் தொழில் 1980 களின் இறுதியிலேயே தெளிவாயிற்று. ஆயினும் தடை தம்பத்தில் உள்ளதேயன்றிச் சூல்வித்தில் இல்லை என்பது அதற்கு முன்னரே டெல்லி ஆய்வாளர்களுக்குப் புலப்பட்டிருந்தது. அவ்வாறாயின் தம்பத்தைத் தவிர்த்துவிட்டால் என்ன?

1965 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவான மகேஸ்வரி, மறு ஆண்டு மே 18 ஆம் திகதி காலமானார். 1967 இல் அவரது மாணவர் ரங்கசுவாமியும், சிவண்ணாவும் பெற்றூனியாவின் குறியையும் தம்பத்தையும் நீக்கி, சூல்வித்தகத்தில் ஒட்டியிருந்த சூல்வித்துக்கள் மீது அதே செடியின் மகரந்தத்தை நேரடியாக இட்டனர். குழாய்கள் தடையின்றி உட்புகுந்தன, வித்துக்கள் உருவாயின.