சிட்டுக்குருவியிடம் பாடம் கேட்டவர்

பறவைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் சாலிம் அலி. 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், மழலைப் பருவத்திலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். பத்து வயதளவில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். பார்வைக்குச் சிட்டுக்குருவிதான், ஆனால் தொண்டையில் மஞ்சள் பூசியிருந்தது. மாமனுக்கும் அது இன்னதென்று விளங்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு பறவையின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்யப்பட்ட பறவைகள் அடங்கிய அலமாரிகளையும் சிறுவனுக்குத் திறந்து காட்டினார். இது பாடநூல்கள் வரை வந்துவிட்ட கதை.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, ஏறக்குறைய அதே வயதில் அவர் எழுதிவைத்த இன்னொரு குறிப்பு. குதிரை லாயத்துச் சுவர்த் துளை ஒன்றில் பெண் சிட்டு அடைகாக்கிறது. வெளியே ஓர் ஆணியில் ஆண் சிட்டு காவல் இருக்கிறது. சிறுவன் ஆணைச் சுட்டான். சற்று நேரத்தில் வேறோர் ஆண் வந்து அதே ஆணியில் அமர்ந்தது. ஏழு நாளில் எட்டு ஆண்கள்! செய்தது கொடுமைதான், பிள்ளை விளையாட்டு என்று நான் மழுப்ப விரும்பவில்லை. ஆயினும் அந்தக் குறிப்பில் ஓர் உண்மை இருக்கிறது. துணை போனால் மறுதுணை கிடைக்கிறது; துளை போனால் மறுதுளை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

கொல்லிமலை செம்மேட்டுப் பக்கம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கூட்டுப் பெட்டிகளுடன் சென்றபோது இதை நான் மாணவர்களுக்குச் சொல்ல நேர்ந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கிய களைப்பில், பேருந்துச் சாலையோர மரங்களிலேயே எல்லாவற்றையும் கட்டிவிடலாம், வருவோர் போவோர் கண்ணில் படும் என்றனர் சிலர். நான் இசையவில்லை. பார்ப்பவருக்காகவா பெட்டி?

சாலிம் அலியின் வாழ்விலும் இடம் பற்றிய பாடம் ஒன்று உண்டு. பர்மாவில் தொழில் பார்த்துத் திரும்பி, 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பின்னர் விடுப்பெடுத்து பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். (அதே ஜெர்மனியில் பெர்லெப்ஷ் என்னும் பிரபு, மரங்கொத்தியின் பொந்தைப் பார்த்துப் பெட்டிகள் செய்து தம் தோட்டமெங்கும் மாட்டிப் பெயர் பெற்றிருந்தார்.) திரும்பி வந்தால் வேலை இல்லை! பணமில்லை என்று பதவியையே எடுத்துவிட்டார்கள். துணைவியார் தெஹ்மினாவுடன் கிகிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையற்றவர் மாதக் கணக்கில் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் பாதிக் கூடு கட்டி நிறுத்துகிறது, பெண் வந்து உள்ளே புகுந்து சோதிக்கிறது, பிடித்தால் குடியேறுகிறது. குடியேறியதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையைத் தேடுகிறது. 1931இல் வெளிவந்த அந்த ஆய்வே அவருக்கு அறிஞருலகில் இடம் தேடித் தந்தது. பெண் பறவை நெசவைக் காட்டிலும் கூடு தொங்கும் இடத்தையே பெரிதும் பார்க்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஆகவே நாங்களும் இடம் பார்த்தோம். மிளகுக் கொடிக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் நெட்டையாய், பொந்தின்றி நிற்கின்றன. பழைய பலா நிற்கும் தோட்டத்தில் பொந்து தானே இருக்கிறது. அங்கே பெட்டி வீண். கொண்டைக்குருவிக்கோ பெட்டியே வேண்டாம். அது புதரில் திறந்த கிண்ணம் போலக் கட்டும். சிட்டுக்கு 32 மில்லிமீட்டர் துளை போதும். குண்டுகரிச்சானுக்குப் பெரிய வாயில் வேண்டும். சிட்டுகள் அண்டை அயலாய் வாழும். கரிச்சானோ பக்கத்தில் இன்னொரு கரிச்சானைப் பொறுக்காது. ஆடிக்காற்று வாயிலில் அடிக்கக்கூடாது. பிற்பகல் வெயில் படும் சுவரில் மாட்டினால் குஞ்சுகள் வெந்துபோகும். பூனை தாவும் மதில் அருகிலும் ஆகாது.

ஒரு வீட்டுப் பாட்டி எங்களைக் கைப்பிடித்து அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். புல்வேய்ந்த கூரை இருந்தவரை இறவாணத்தில் குருவிகள் இருந்தனவாம். தளம் போட்டதும் போய்விட்டனவாம். ஆனால் எதிர்வீட்டு மின்கம்பியில் காலை வேளையில் இன்னும் நாலைந்து வந்து உட்காருகின்றன என்றார். குருவியே இல்லாத இடத்தில் பத்துப் பெட்டி மாட்டுவதைவிட அந்தக் கம்பிக்கு எதிரே இரண்டு மாட்டுவது மேல். சன்னல் மேல்தளத்துக்குக் கீழே, கிழக்கு நோக்கி, ஆளுயரத்துக்கு மேல் இரண்டையும் மாட்டினோம். மற்றவற்றுக்கும் கம்பியில் குருவி உட்காரும் வீடுகளாகவே தேடினோம். மூன்று பெட்டிகளுக்கு இடம் கிடைக்காமல் திரும்பக் கொண்டுவந்தோம்.

சாலிம் அலியின் பிற்கால வரலாறு விரிவானது. ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். முகாம்தோறும் உடனிருந்த தெஹ்மினா 1939இல் மறைந்தது அவருக்குப் பேரிடி. 1941இல் இந்தியப் பறவைகள் நூல் வந்தது. ரிப்ளேயுடன் சேர்ந்து எழுதிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1976இல் பத்மவிபூஷண் பெற்றார். 1985இல் எழுதிய தன்வரலாற்றுக்கு, சிறுவயதில் சுட்ட அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

அவர் பெயரால் 1990இல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் பறவையியல் மையம் நிறுவப்பட்டது. வரும் ஆண்டின் கல்விச் சுற்றுலாவை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று நம் விலங்கியல் மன்றத்தில் பேச்சு நடக்கிறது.