இடம் தெரியாமலே தகவல் எடுக்க வழி கண்ட எட்கர் காட்

தீபாவளி நெருங்குகிறது. ரெடிமேடு துணிக்குப் பேர்போன புதியம்புத்தூருக்குச் சரக்குக் கேட்கிறார், தொலைதூர வியாபாரி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் கடையின் இணையதளத்தைத் திறக்கிறார். சிறுமியர் கவுன், 24-ம் அளவு, எத்தனை இருக்கிறது? கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது.

இது எப்படி? இணையதளத்தை நடத்தும் புரோகிராம், டேட்டாபேஸ் என்னும் தகவல் கிடங்குக்குப் போகிறது. கிடங்கின் முகவரி, தன் பெயர், ரகசியச் சொல் மூன்றையும் காட்டுகிறது. கதவு திறக்கிறது. என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அது எந்த மூலையில் கிடக்கிறது என்று புரோகிராமுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இந்த வசதிக்கு வழி கண்டவர்தான் எட்கர் காட்.

இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லண்டு என்ற இடத்தில், 1923-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. தாயார் பள்ளி ஆசிரியை. ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது உலகப் போர் வந்தது. மாணவர் என்பதால் போருக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால், தாமாகவே சேர்ந்து விமானம் ஓட்டினார்.

1948-ல் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்தார். அங்கே செனட்டர் மெக்கார்த்தி நடத்திய கம்யூனிஸ்டு வேட்டையை வெறுத்து, 1953-ல் கனடாவுக்குப் போய்விட்டார். சில ஆண்டு கழித்துத் திரும்பி, 42-வது வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார்!

மரமும் கட்டமும்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தகவல்களை மரக்கிளை போல ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்து வைத்தார்கள். எந்தக் கிளையில் ஏறி எங்கே இறங்குவது என்று புரோகிராமிலேயே எழுத வேண்டும். கோத்த முறையை மாற்றினால், புரோகிராமையும் திருத்தி எழுத வேண்டும். சரக்கை அறை மாற்றி வைத்தால் கணக்குப்பிள்ளை விழிப்பாரே, அந்தக் கதைதான்.

1970-ல் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லாத் தகவலையும் கட்டம் போட்ட அட்டவணைகளில் எழுதுங்கள் என்றார். வியாபாரிகள் பட்டியலில் ஒருவருக்கு 7-ம் எண். பில் பட்டியலிலும் அதே 7. அந்த எண்ணை வைத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தேடிப்பிடிப்பது கம்ப்யூட்டரின் வேலை.

அவரது கம்பெனியே இதற்கு அவசரம் காட்டவில்லை. சந்திரனுக்கு ஆள் அனுப்பும் திட்டத்துக்காக உருவான பழைய முறை அங்கே நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. வருகிற லட்சுமியை யார் தள்ளுவார்கள்? காட் சும்மா இருக்கவில்லை. வாடிக்கையாளர்களிடமே தம் முறையை விளக்கினார். அவர்கள் கம்பெனியை நெருக்கினார்கள்.

ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர், இந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழி செய்தார்கள். அதுவே எஸ்.க்யூ.எல். ஆனால் 1979-ல் முந்திக்கொண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது, பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் பெற்ற வேறு கம்பெனி! ஐ.பி.எம். சரக்கு 1981-ல்தான் வந்தது. அதே ஆண்டு காட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது.

வேலையை விட்ட பின்னும் அவர் ஓயவில்லை. பெயருக்கு அட்டவணை என்று சொல்லிப் பழைய சரக்கை விற்றவர்களைப் பிடிக்க, 1985-ல் 12 விதிகள் எழுதினார். எண்ணினால் 13 இருக்கும், பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தார்.

2003-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், தமது 79-வது வயதில் காட் காலமானார்.