தந்தையின் சுமை குறைத்த தனயன் – பிளேஸ் பாஸ்கல்

அறிவியல் வகுப்பில் அழுத்தத்தின் அலகாகவும், கணித வகுப்பில் எண் முக்கோணமாகவும் நாம் அறிந்த பெயர் பாஸ்கல். நம் கணிப்பொறி அறைக்கும் அவர் முன்னோடி என்பதை நம்மில் பலர் அறியோம். நம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் கொம்யூன் என்னும் சொல்லைத் தந்த பிரெஞ்சு நாடே அவர் பிறந்த நாடு.

1623 ஜூன் 19 அன்று கிளெர்மோன் நகரில் பிறந்த பாஸ்கல், மூன்று வயதிலேயே தாயை இழந்தார். தந்தை எத்தியேன் மறுமணம் செய்துகொள்ளாமல், தம் மூன்று மக்களுக்கும் தாமே ஆசிரியரானார்.

1640-இல் குடும்பம் ரூவான் நகரில் குடியேறியது. அங்கே தந்தைக்கு வரி நிர்வாகப் பொறுப்பு. 12 தெனியே ஒரு சோல்; 20 சோல் ஒரு லீவ்ர். நம் பாட்டன்மார் அணாவும் தம்பிடியும் கூட்டியது போன்ற கணக்கு அது. இரவு நெடுநேரம் அவர் கூட்டிக்கொண்டே இருப்பார். மகனும் உடனிருந்து உதவினான்.

அந்த வேலை கடினமானதன்று. ஒரே வேலை ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தது. இத்தகைய வேலையைச் சக்கரங்களிடம் விட்டுவிடலாமே என்று பாஸ்கல் எண்ணினார். 1642-இல், தம் பத்தொன்பதாம் வயதில், அம்முயற்சியைத் தொடங்கினார். ஒரு சக்கரம் ஒன்பதைக் கடந்து சுழியத்துக்கு வந்ததும், சிறு எடை ஒன்று விழுந்து அடுத்த சக்கரத்தை ஓரிலக்கம் நகர்த்தும். நாம் கையில் ஒன்று வைத்துக் கூட்டுகிறோமே, அதை இயந்திரம் தானே செய்தது. ஏறத்தாழ ஐம்பது மாதிரிகளைச் செய்து பார்த்த பின்னரே அது அவர் மனத்துக்கு நிறைவளித்தது. 1649-இல் அரசரின் தனியுரிமை கிடைத்தது. விலை மிகுந்ததால் விற்பனை சிறக்கவில்லை. எனினும் அவற்றுள் சில இன்றும் பாரிசு அருங்காட்சியகத்தில் உள்ளன.

இன்று மதிப்பெண் பட்டியலைக் கூட்டிச் சராசரி காண, விரிதாளில் மேக்ரோ எழுதி வைக்கிறோம். நூறு கோப்புகளை நகலெடுக்கும் கட்டளைகளைப் பேட்ச் கோப்பில் வரிசையாக எழுதி வைக்கிறோம். பின்னர் ஒரு சொடுக்கு போதும். ஆயினும் கட்டளை பிழையானால், அப்பிழையையும் இயந்திரம் சலிக்காமல் நூறு முறை செய்யும். ஆகவே, கணக்கை முதலில் நாம் அறிந்திருத்தல் வேண்டும். பாஸ்கல் தம் கையால் கூட்டிப் பழகிய பின்னரே சக்கரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்.

1654 நவம்பர் 23 இரவு அவர் ஆழ்ந்த இறையனுபவம் பெற்றார். அதை எழுதித் தம் மேலங்கியின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். இறந்த பின்னரே பிறர் அதைக் கண்டனர். இறுதிக் காலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துக்குத் தம் வீட்டில் இடமளித்தார். அக்குடும்பத்துக் குழந்தைக்கு அம்மை கண்டபோது, நோயுற்ற பிள்ளையை வெளியேற்ற மனமின்றி, நோயாளியான அவரே தமக்கையின் இல்லத்துக்குச் சென்றார். 1662 ஆகஸ்ட் 19 அன்று, 39-ஆம் வயதில், அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அவரது 400-ஆம் பிறந்தநாளன்று, 2023-இல், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் போற்றித் திருத்தூது மடல் வெளியிட்டார்.

அன்புத் தோழியரே! கூட்டலை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். அந்தக் குழந்தைக்காக வீட்டைவிட்டு வெளியேறிய அன்பை எந்த இயந்திரத்திடமும் ஒப்படைக்க இயலாது. கணிப்பொறி நமக்கு மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை, நம் வீட்டில் இன்னும் சுமை தூக்கும் தாய் தந்தையருக்கும், துணையற்ற அயலாருக்கும் செலவிடுவோமாக!